தானியங்கிப் புகுபதிகை: வீட்டுக் கணினி பெயர் கேட்கத் தொடங்கிய வரலாறு

தானியங்கிப் புகுபதிகை என்பது, கணினியை இயக்கியவுடன் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் திரை இடையில் நிற்காமல், குறிப்பிட்ட ஒரு பயனரின் கணக்கு தானே திறந்துகொள்ளும் ஏற்பாடு ஆகும். பேச்சு வழக்கில் இதை 'ஆட்டோ லாகின்' என்பர். விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்று வகை இயங்குதளங்களிலும் இந்த வசதி உண்டு. வீட்டில் ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கணினியிலும், கண்காட்சி அரங்குகளிலும் அறிவிப்புத் திரைகளிலும் ஆள் இல்லாமல் இயங்க வேண்டிய கணினிகளிலும் இது பயன்படுகிறது.

பெயரைக் கேட்டால் கடவுச்சொல் நீக்கப்பட்டுவிட்டது போலத் தோன்றும். அப்படி அன்று. கடவுச்சொல் இருக்கும் இடத்திலேயே இருக்கிறது. நமக்குப் பதிலாகக் கணினியே அதைத் தனக்குச் சொல்லிக்கொள்கிறது. அவ்வாறு சொல்ல வேண்டுமானால், அந்தச் சொல்லைக் கணினி தனக்குள் எங்கேனும் எழுதி வைத்திருக்க வேண்டும். எங்கே எழுதி வைக்கிறது, அதை வேறு யார் படிக்க முடியும் என்ற கேள்வியைச் சுற்றியே இந்த வசதியின் வரலாறு நகர்கிறது. அதற்கு முன், ஒருவரே பயன்படுத்தும் இயந்திரம் ஏன் 'நீ யார்?' என்று கேட்க வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும்.

பலர் பங்கிட்ட கணினி

புகுபதிகை வீட்டில் பிறந்த வழக்கம் அன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) பெர்னாண்டோ கார்பட்டோ தலைமையில் சி.டி.எஸ்.எஸ். என்னும் நேரப்பகிர்வு இயங்குதளம் உருவாக்கப்பட்டு, 1961 நவம்பரில் செய்து காட்டப்பட்டது. ஒரே பெரிய கணினியுடன் பல முனையங்களை இணைத்து, பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யும் முறை அது. ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்புகள் இருந்தன. ஒவ்வொருவருக்கும் இவ்வளவு நேரம் என்ற அளவும் இருந்தது. ஒருவருடைய கோப்பை மற்றவர் திறக்காமல் இருக்க ஆளுக்கொரு பூட்டு தேவைப்பட்டது. எளிய பூட்டு கடவுச்சொல்தான் என்று கார்பட்டோவின் குழுவினர் முடிவு செய்தனர். முனையத்தில் 'லாகின்' என்று கட்டளையிட்டுத் தன்னை அறிவிக்கும் பழக்கமும் அங்கே நடைமுறையில் இருந்தது.

பூட்டு வந்ததும் திறக்கிறவரும் வந்துவிட்டார். ஆலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவருக்கு 1962 இல் வாரத்திற்கு நான்கு மணி நேரம்தான் கணினி நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. முனைவர் பட்டத்திற்கான அவருடைய கணிப்புகளுக்கு அது போதவில்லை. கோப்பின் பெயரைத் துளை அட்டையில் குறித்துக் கொடுத்தால் அச்சிட்டுத் தரும் ஏற்பாடு ஒன்று இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பை அச்சிடும்படி அட்டையைக் கொடுத்துவிட்டு, மறுநாள் அதிகாலையில் போய் எடுத்துக்கொண்டார். கால் நூற்றாண்டு கழித்துத்தான் இதை வெளியில் சொன்னார். பூட்டு முதலில் காத்தது இரகசியத்தை மட்டும் அன்று, நேரப் பங்கீட்டையும்தான் என்பது இந்த நிகழ்ச்சியால் விளங்குகிறது. அந்தக் காலத்தில் கணினி நேரம் என்பது கூட்டுறவுக் கடைப் பண்டம் போல அளந்து கொடுக்கப்பட்டது.

இதே அமைப்பில் 1966 இல் இன்னொரு வேடிக்கை நிகழ்ந்தது. நிர்வாகிகளில் ஒருவர் கடவுச்சொல் கோப்பையும் மற்றொருவர் அன்றாட வரவேற்புச் செய்தியையும் ஒரே நேரத்தில் திருத்திக்கொண்டிருந்தனர். இருவருடைய தற்காலிகக் கோப்புகளுக்கும் மென்பொருள் ஒரே பெயரைச் சூட்டியதால் உள்ளடக்கம் இடம் மாறிப்போனது. அன்று புகுபதிகை செய்தவர்கள் எல்லார் முன்னும் வரவேற்புச் செய்திக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொற்களும் வரிசையாக வந்து விழுந்தன. கார்பட்டோவே தம் டூரிங் விருது உரையில் இதைச் சொல்லியிருக்கிறார். கடவுச்சொல்லைப் படிக்கத்தக்க வடிவில் எழுதி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இவ்விரண்டும் தொடக்ககாலச் சான்றுகள். பின்னால் வீட்டுக் கணினிக்கு வரும்போது இவற்றை நினைவில் கொள்க.

யூனிக்ஸ் இயங்குதளம் இந்தப் பாடத்தைப் படித்தது. ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் ஆகிய இருவரும் 1979 இல் வெளியிட்ட கட்டுரையில், கடவுச்சொல்லை அப்படியே வைக்காமல், திரும்பப் பிரிக்க முடியாத ஒருவழி உருமாற்றம் செய்து வைக்கும் முறையை விளக்கினர். பயனர் தட்டும் சொல்லையும் அதே வழியில் உருமாற்றி, இரண்டும் ஒன்றா என்று மட்டும் ஒப்பிட்டால் போதும். எனவே சரியான சொல் எது என்பது கணினிக்கே தெரியாது. அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 2,831, அதாவது 86 விழுக்காடு, மிகக் குட்டையாகவோ அகராதிச் சொல்லாகவோ இருந்து எளிதில் பிடிபட்டன என்பதும் அக்கட்டுரையில் உண்டு. மனித இயல்பு அப்போதும் இதுதான்.

ஒருவழி உருமாற்றத்தை இங்கே குறிப்பிடக் காரணம் இருக்கிறது. தானியங்கிப் புகுபதிகை இதற்கு நேர் எதிரான தேவையைக் கொண்டது. கணினி தானே கடவுச்சொல்லைச் சொல்ல வேண்டுமானால், உருமாற்றிய வடிவம் உதவாது. மூலச் சொல்லே வேண்டும்.

வேண்டாம் என்றவர்கள்

புகுபதிகையை எல்லாரும் வரவேற்கவில்லை. அதே எம்.ஐ.டி. வளாகத்தில் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தினர் ஐ.டி.எஸ். என்ற இயங்குதளத்தை எழுதினர். பெயரே சி.டி.எஸ்.எஸ். மீதான கேலிதான்: அதன் பெயரில் 'ஒத்துப்போகும்' என்ற பொருளில் இருந்த சொல்லை 'ஒத்துப்போகாத' என்று மாற்றி வைத்தனர். அதில் தொடக்கத்தில் கடவுச்சொல்லே கிடையாது. எவரும் எந்தக் கோப்பையும் திறக்கலாம். கணினியை நிலைகுலையச் செய்வதில் பெருமை தேடுபவர்கள் வந்தபோது, அதற்கென்றே ஒரு கட்டளையை வைத்துவிட்டனர். யார் வேண்டுமானாலும் ஒரு வரியில் செய்துவிடலாம் என்றான பின் அதில் என்ன பெருமை?

அந்த ஆய்வகத்தில் வளர்ந்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். பின்னாளில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கியவர். எம்.ஐ.டி.யின் கணினி அறிவியல் ஆய்வகம் 1977 இல் தன் கணினியில் கடவுச்சொல் முறையைக் கொண்டுவந்தபோது, அவர் அந்தச் சொற்களைக் கண்டறியும் வழியைக் கண்டுபிடித்தார். பிறகு ஒவ்வொரு பயனருக்கும், 'உங்கள் கடவுச்சொல் இன்னது. அதற்குப் பதிலாக வெறுமனே நுழைவு விசையை மட்டும் தட்டும்படி மாற்றிக்கொள்ளுங்கள், எளிதாக இருக்கும்' என்ற பொருளில் செய்தி அனுப்பினார். ஐந்தில் ஒரு பங்கினர் அவ்வாறே மாற்றிக்கொண்டனர். இன்று வீட்டில் உட்கார்ந்து தானியங்கிப் புகுபதிகையை அமைக்கிறவருக்குக் கொள்கை எதுவும் இராது, சோம்பல் மட்டுமே இருக்கலாம். ஆனாலும் அவருக்கு இப்படி ஒரு முன்னோர் உண்டு.

பெயர் கேட்காத கணினிகள்

1977 இல் ஆப்பிள் II, காமடோர் பெட், டி.ஆர்.எஸ்.-80 ஆகிய மூன்றும் சந்தைக்கு வந்தன. வீட்டுக் கணினி என்று நாம் சொல்வது இவற்றோடுதான் பரவலாயிற்று. இவற்றில் புகுபதிகை என்ற பேச்சே இல்லை. மின்சாரத்தைப் போட்டவுடன் சில நொடிகளில் பேசிக் மொழி தயாராக நிற்கும். டி.ஆர்.எஸ்.-80 இன் இரண்டாம் நிலைப் பதிப்பு மட்டும் தொடக்கத்தில் ஒரு கேள்வி கேட்டது. அதுவும் நினைவகத்தில் எவ்வளவைப் பயன்படுத்தலாம் என்பதுதான். இந்தியாவில் 1984 இல் தொடங்கப்பட்ட கிளாஸ் என்னும் பள்ளிக் கணினித் திட்டத்தில் வந்த பிபிசி மைக்ரோவும் அப்படியே. ஒரு மணி ஓசை, திரையில் இரண்டு வரி, பிறகு அம்புக்குறி. அடுத்த மாணவன் உட்கார்ந்தால் அவனும் அதே அம்புக்குறியிலிருந்து தொடங்குவான். வகுப்பில் கணினி என்பது கரும்பலகையைப் போல எல்லாருக்கும் பொதுவான பொருளாக இருந்தது.

1981 ஆகஸ்டில் வந்த ஐ.பி.எம். பி.சி.யும் உரியவர் யார் என்று கேட்கவில்லை. டாஸ் இயங்குதளம் தொடங்கும்போது இரண்டு கேள்விகள் கேட்கும்: இன்று என்ன தேதி? இப்போது என்ன நேரம்? மின்சாரம் நின்றால் நேரத்தை நினைவில் வைத்திருக்கும் கடிகாரம் அந்தக் கணினியில் இல்லை. ஆகவே கணினிக்குத் தெரியாதது நாளும் பொழுதும் மட்டுமே. இந்தக் கேள்விகளையும் தவிர்க்க விரும்பினால் ஆட்டோஎக்ஸெக் என்ற தொகுதிக் கோப்பை வட்டில் எழுதி வைக்கலாம். அது இருந்தால் டாஸ் கேள்வி கேட்காமல் அதில் உள்ள கட்டளைகளைத் தானே நிறைவேற்றும். தொடக்கத்தில் வரும் கேள்வியைக் கணினியே தாண்டிச் செல்லச் செய்யும் தந்திரம் வீட்டுக் கணினிக்கு அப்போதே அறிமுகமாகிவிட்டது.

பூட்டு தேவைப்பட்ட இடங்களும் இருந்தன. ஐ.பி.எம். 1984 இல் வெளியிட்ட பி.சி. ஏ.டி. கணினியின் முகப்பில் உண்மையான சாவித் துளையே இருந்தது. சாவியைத் திருப்பினால் விசைப்பலகை வேலை செய்யாது, மேல்மூடியும் திறக்காது. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். கடவுச்சொல்லைவிட நம் மக்களுக்கு எளிதில் புரியும் பாதுகாப்பு இது என்பது என் எண்ணம்.

அலுவலகத்திலிருந்து வீட்டிற்கு

வீட்டுக் கணினி பெயர் கேட்கத் தொடங்கியது வலையமைப்பின் வழியாக. அலுவலகக் கணினிகளை ஒன்றோடொன்று இணைத்தபோது, கோப்புகளையும் அச்சுப்பொறியையும் பகிர்ந்துகொள்ள ஒவ்வொருவரையும் அடையாளம் காண வேண்டியதாயிற்று. மைக்ரோசாப்ட் 1992 இல் வெளியிட்ட பணிக்குழுக்களுக்கான விண்டோஸ் இதற்கெனவே புகுபதிகைப் பெட்டியைக் காட்டியது. அந்தப் பெட்டி 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளிவந்த விண்டோஸ் 95 வழியாக வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது.

விண்டோஸ் 95 இன் புகுபதிகைப் பெட்டி ஒரு விசித்திரம். பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். ஆனால் 'கேன்சல்' பொத்தானை அழுத்தினால் போதும், மேசைத்திரை திறந்துவிடும். பூட்டின் பக்கத்திலேயே கதவு திறந்து கிடந்த மாதிரி. பலர் இதைப் பிழை என்று நினைத்தனர். உண்மையில் அந்தப் பெட்டி கணினியைப் பூட்டுவதற்கு வந்ததே அன்று. வலையமைப்புக்கு வேண்டிய கடவுச்சொற்களைப் பயனர்வாரியாகச் சேமித்து வைக்கும் கோப்பைத் திறப்பதற்காகவே அது பெயரைக் கேட்டது. கேன்சல் செய்து உள்ளே போனவர்களுக்கு இதன் விளைவு வேறு இடத்தில் தெரிந்தது. இந்தியாவில் வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணைய இணைப்பை 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. விண்டோஸ் 95 வெளிவர ஒன்பது நாள் முன்பு. தொலைபேசி வழியே இணைப்பவர்கள் 'கடவுச்சொல்லைச் சேமி' என்ற தெரிவைத் தேர்ந்தெடுக்கப் பார்த்தால், கேன்சல் செய்து வந்தவர்களுக்கு அந்தத் தெரிவு மங்கிக் கிடக்கும். ஒவ்வொரு முறையும் இணையக் கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும். காரணம் தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டவர்களில் நானும் ஒருவன்.

அதற்கு அப்போது சொல்லப்பட்ட தீர்வு, கடவுச்சொல்லை வெற்றாக விட்டு, முதன்மைப் புகுபதிகையை 'விண்டோஸ் லாகான்' என்று மாற்றிவிடுவது. பெட்டி அதன்பின் தோன்றாது. சேமிக்கும் வசதியும் கிடைக்கும். வீட்டுக் கணினியில் தானியங்கிப் புகுபதிகை பரவலாக அறிமுகமானது இந்த வடிவில்தான் எனலாம்.

என்.டி.யும் ஆட்டோஅட்மின்லாகானும்

இதே காலத்தில் மைக்ரோசாப்ட் வேறொரு இயங்குதளக் குடும்பத்தையும் வளர்த்துவந்தது. 1993 ஜூலையில் வெளியான விண்டோஸ் என்.டி. 3.1 அலுவலகங்களுக்கும் வழங்கிகளுக்குமானது. இதில் கேன்சல் வழியாக நுழைய முடியாது. புகுபதிகைக்கு முன் கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்த வேண்டும். டாஸ் காலத்தில் கணினியை மறுதொடக்கம் செய்வதற்காக ஐ.பி.எம். பொறியாளர் டேவிட் பிராட்லி உருவாக்கிய கூட்டுவிசை அது. என்.டி.யில் இதற்கு வேறு பொருள் வந்தது. இந்தக் கூட்டுவிசையை இயங்குதளத்தைத் தவிர எந்த நிரலும் பிடித்துக்கொள்ள முடியாது. ஆகவே போலியான ஒரு புகுபதிகைத் திரையை வரைந்து கடவுச்சொல்லைத் திருட நினைக்கும் நிரல், விசைகளை அழுத்திய கணமே வெளிப்பட்டுவிடும்.

இவ்வளவு கவனமாகக் கட்டிய கோட்டைக்குள்தான் பின்வாசலும் வைக்கப்பட்டது. என்.டி.யின் ரெஜிஸ்ட்ரி என்னும் அமைப்புப் பதிவேட்டில் 'வின்லாகான்' என்ற பகுதி உண்டு. அங்கே 'ஆட்டோஅட்மின்லாகான்' என்ற மதிப்பை 1 என்று வைத்து, 'டிஃபால்ட்யூசர்நேம்' என்பதில் பெயரையும், 'டிஃபால்ட்பாஸ்வேர்ட்' என்பதில் கடவுச்சொல்லையும் எழுதிவிட்டால், கணினி அடுத்த முறை கேள்வி இல்லாமல் திறக்கும். இடையில் நிறுத்தி வேறொருவராக நுழைய வேண்டுமானால் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும். கடவுச்சொல் மதிப்பை எழுதாமல் விட்டாலோ, கணினி அந்த 1 ஐத் தானே 0 ஆக மாற்றிக்கொண்டு பழையபடி கேட்கத் தொடங்கும். அமைத்த மறுநாளே வேலை செய்யவில்லை என்று பலர் குழம்பியதற்கு இது ஒரு காரணம்.

இதில் எழுதப்படும் கடவுச்சொல் எந்த உருமாற்றமும் இன்றி, தட்டிய எழுத்துகளாகவே பதிவேட்டில் கிடக்கும். அந்தக் கணினியின் முன் உட்காருபவர் மட்டுமன்று, வலையமைப்பில் முறையாகப் புகுந்த எந்தப் பயனரும் தொலைவிலிருந்தே படிக்கலாம் என்று மைக்ரோசாப்டின் ஆவணமே எச்சரித்தது. 1962 இல் ஆலன் ஷெருக்குத் துளை அட்டையாவது தேவைப்பட்டது.

இந்தக் குறையைச் சரிசெய்ய வந்தவற்றுள் மார்க் ருசினோவிச் எழுதிய 'ஆட்டோலாகான்' என்ற சிறு மென்பொருள் முக்கியமானது. சிசின்டர்னல்ஸ் தொகுப்பில் வெளியானது. 2006 இல் அந்த நிறுவனத்தையே மைக்ரோசாப்ட் வாங்கிக்கொண்டது. இது கடவுச்சொல்லை வெளிப்படையாக எழுதாமல், பதிவேட்டில் இயங்குதளம் தன் இரகசியங்களைக் குறியாக்கம் செய்து வைக்கும் தனிப் பகுதியில் வைக்கிறது. சாதாரணப் பயனர் படிக்க முடியாது. நிர்வாகி உரிமை உள்ளவர் மீட்டெடுத்துவிடலாம். குறியாக்கத்தின் திறவுகோலும் அதே கணினியில்தான் இருக்கிறது; இல்லாவிட்டால் கணினி எப்படித் தானே திறக்கும்? இதற்கு மேல் இந்த முறையில் பாதுகாப்பைக் கூட்ட இடமில்லை.

எக்ஸ்பி: வெற்றுக் கடவுச்சொல்லின் மதிப்பு

2001 அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது என்.டி. குடும்பம் வீட்டுக்குள் நுழைந்தது. கூடவே கண்டிப்பான புகுபதிகையும் நுழைய வேண்டியிருந்தது. வீட்டாரை மிரட்டாமல் இருக்க, மைக்ரோசாப்ட் அதற்கு வண்ணம் பூசியது: வரவேற்புத் திரை, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சிறு படம், சொடுக்கினால் உள்ளே. கணக்கு ஒன்றுதான், அதற்குக் கடவுச்சொல்லும் இல்லை என்றால் அந்தத் திரையில் நிற்காமலே மேசைத்திரை வந்துவிடும்.

இங்கே பலரும் அறியாத ஒரு நுணுக்கம் உண்டு. கடவுச்சொல் இல்லாத கணக்கைக் கொண்டு வலையமைப்பு வழியாக நுழைய எக்ஸ்பி அனுமதிப்பதில்லை. கணினியின் முன் நேரில் உட்கார்ந்தால் மட்டுமே அந்தக் கணக்கு திறக்கும். ஆகவே '1234' போன்ற வலுவற்ற சொல்லை வைத்து அதைத் தானியங்கியாக்குவதைவிட, சொல்லே வைக்காமல் விடுவது வெளியாளிடமிருந்து கூடுதல் பாதுகாப்பைத் தந்தது. வீட்டுக் கதவை நம்புகிறவருக்கு வெற்றுக் கடவுச்சொல்லே நல்லது என்பது கேட்க முரணாகத் தோன்றினாலும், நடைமுறையில் சரியாகவே இருந்தது. சேமித்து வைக்க எதுவும் இல்லை என்பதால் திருடவும் எதுவும் இல்லை.

கடவுச்சொல்லையும் வைத்துக்கொண்டு தானியங்கியாகத் திறக்க விரும்புவோர்க்கு, விண்டோஸ் 2000 இல் அறிமுகமாகி எக்ஸ்பியிலும் தொடர்ந்த பயனர் கணக்குச் சாளரம் உதவியது. 'இக்கணினியைப் பயன்படுத்தப் பயனர்கள் பெயரும் கடவுச்சொல்லும் இட வேண்டும்' என்ற பொருள்படும் வரியின் முன் உள்ள தெரிவுக் குறியை எடுத்துவிட்டு, கடவுச்சொல்லை இருமுறை தட்டினால் போதும். விஸ்டாவிலிருந்து இதை அழைக்கும் கட்டளை 'நெட்பிளவிஸ்' எனச் சுருங்கியது. பதிவேட்டில் கைவைக்கத் தேவையில்லை.

இந்த வசதியின் பக்கவிளைவு ஒன்றை அனுபவத்தில் கண்டேன். ஓய்வு பெற்ற பின் என் வீட்டுக் கணினியை இப்படி அமைத்து இரண்டு ஆண்டுகள் ஓட்டினேன். ஒருநாள் கணினி பழுதுபட்டு, பழுது நீக்கும் முறையில் தொடங்கியபோது கடவுச்சொல் கேட்டது. எனக்கு முதல் எழுத்துகூட நினைவில்லை. நாள்தோறும் தட்டியிருந்தால் விரலாவது நினைவில் வைத்திருக்கும். அன்று கடவுச்சொல்லை ஒரு பழைய நாட்குறிப்பிலிருந்து மீட்டது என் மனைவி.

மேக், லினக்ஸ் நிலை

ஆப்பிளின் கணினிகளும் நெடுங்காலம் பெயர் கேட்காதவையே. 1999 இல் வந்த மேக் ஓஎஸ் 9 பல பயனர்களுக்கு இடம் தந்தது. குரலால் கடவுச்சொல் சொல்லும் வசதியும் அதில் இருந்தது. யூனிக்ஸ் அடித்தளத்தில் 2001 இல் வெளிவந்த மேக் ஓஎஸ் எக்ஸ், முதல் பயனரைத் தானியங்கியாகவே உள்ளே விட்டது. அதற்கான கடவுச்சொல் 'கேசிபாஸ்வேர்ட்' என்ற கோப்பில் வைக்கப்படுகிறது. குறியாக்கம் என்று சொல்ல முடியாது. 11 பைட் நீளமுள்ள மாறாத ஒரு தொடரோடு கலந்து வைக்கும் எளிய மறைப்புதான். எல்லா மேக் கணினிக்கும் அதே தொடர் என்பதால், கோப்பைப் படிக்க முடிந்தவர் சொல்லையும் படித்துவிடலாம். நிர்வாகியின் உரிமை இல்லாமல் கோப்பைத் திறக்க முடியாது என்பதே அதற்குள்ள காவல்.

லினக்ஸ் அணுகுமுறை வேறு. அங்கே புகுபதிகைத் திரையை நடத்தும் மென்பொருள் தனி. அதன் அமைப்புக் கோப்பில் 'இன்னாரை நேரே விடு' என்று பெயரை மட்டும் எழுதினால் போதும். கடவுச்சொல்லை எங்கும் சேமிப்பதில்லை, சோதிப்பதுமில்லை. இதனால் ஒரு குழப்பம் வரும். குனோம் போன்ற மேசைத்தளங்கள் வைஃபை, மின்னஞ்சல் முதலியவற்றின் கடவுச்சொற்களை ஒரு சாவிக்கொத்தில் பூட்டி வைக்கின்றன. அந்தக் கொத்தின் பூட்டு பயனரின் புகுபதிகைக் கடவுச்சொல்லால் திறப்பது. தானியங்கியாக உள்ளே போனால் அந்தச் சொல் யாராலும் தட்டப்படவில்லை. எனவே மேசைத்திரை வந்த பிறகு 'சாவிக்கொத்து திறக்கப்படவில்லை' என்று கணினி மறுபடி கடவுச்சொல் கேட்கும். வாசலில் விட்டவர்களை நடுக்கூடத்தில் நிறுத்தும் இந்தக் கேள்வியைப் பலர் கோளாறு என்று கருதுகின்றனர். பூட்டுக்குச் சாவி இல்லை என்று நேர்மையாகச் சொல்லும் அமைப்பு அது.

சிறுவர்கள் கற்பதற்காக வந்த ராஸ்பெரி பை கணினி, எல்லாருக்கும் ஒரே பயனர்பெயர், ஒரே கடவுச்சொல் என்ற நிலையில் பல ஆண்டுகள் இருந்தது. இணையத்தில் இணைத்தவுடன் எவரும் ஊகித்துவிடலாம் என்பதால் 2022 ஏப்ரலில் அந்தப் பொதுப் பயனர் நீக்கப்பட்டது. இப்போது முதல் தொடக்கத்தின்போதே சொந்தப் பெயரும் கடவுச்சொல்லும் அமைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக் கடவுச்சொல் வீட்டோடு நில்லாத காலம்

2012 இல் வெளியான விண்டோஸ் 8, கணினிக்குள் நுழைய மைக்ரோசாப்ட் இணையக் கணக்கைப் பயன்படுத்தச் சொன்னது. அதுவரை வீட்டுக் கணினியின் கடவுச்சொல் அந்தக் கணினிக்கு மட்டும் உரியது. இப்போது அதே சொல்தான் மின்னஞ்சலுக்கும், இணையத்தில் சேமித்த படங்களுக்கும். பழைய முறையில் அதைப் பதிவேட்டில் எழுதி வைத்தால், மேசை இழுப்பறையின் சாவியோடு வீட்டுச் சாவியையும் சேர்த்துத் தொங்கவிட்டதாகிவிடும். இதற்கு மாற்றாக, 2015 இல் விண்டோஸ் 10 உடன் 'ஹலோ' என்ற முறை வந்தது. முகம், விரல்ரேகை அல்லது பின் எண் கொண்டு திறக்கலாம். அந்த எண் அந்தக் கணினியில் மட்டும் செல்லும்; வேறு இடத்தில் பயன்படாது.

2020 மே மாதப் பதிப்பு முதல், ஹலோ கட்டாயம் என்ற அமைப்பு இயங்கும் கணினிகளில், நெட்பிளவிஸ் சாளரத்தில் அந்தப் பழைய தெரிவுக் குறியே காணாமல் போயிற்று. காணவில்லை என்றால், அமைப்புகளில் கணக்குகள் பகுதிக்குச் சென்று, புகுபதிகைத் தெரிவுகளில் 'விண்டோஸ் ஹலோ மட்டும்' என்ற பொருள்படும் சுவிட்சை அணைத்துவிட்டுச் சாளரத்தை மீண்டும் திறந்தால் அது திரும்ப வரும். அமைக்கும்போது கேட்பது கணக்கின் கடவுச்சொல்லை. பின் எண்ணைத் தட்டினால் அடுத்த தொடக்கத்தில் புகுபதிகை தோற்கும்.

மேசைக் கணினி மடிக்கணினியாக மாறியதே இன்றைய பெரிய மாற்றம். என்னுடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவரின் மடிக்கணினி தொடர்வண்டிப் பயணத்தில் களவு போனது. இயக்கினால் நேரே திறக்கும்படி வைத்திருந்தார். கணினியின் விலையைப் பற்றி அவர் அவ்வளவாகக் கவலைப்படவில்லை. ஓய்வூதிய ஆவணங்கள், ஆதார் நகல், திறந்தபடியே கிடந்த மின்னஞ்சல், உலாவியில் சேமித்திருந்த வங்கித் தளக் கடவுச்சொல் ஆகியவற்றை எண்ணித்தான் அன்றிரவு தூங்கவில்லை. மறுநாள் முழுவதும் வேறொருவர் வீட்டுக் கணினியில் உட்கார்ந்து ஒவ்வொரு கடவுச்சொல்லாக மாற்றினார்.

இப்போது பல மடிக்கணினிகளின் வன்தட்டு குறியாக்கம் செய்யப்பட்டே வருகிறது. அதனால் கவலையில்லை என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் கணினிகளில் பெரும்பாலும் அந்தக் குறியாக்கத்தின் திறவுகோல் தாய்ப்பலகையில் உள்ள பாதுகாப்புச் சில்லில் இருக்கிறது. கணினி தொடங்கும்போது யாரும் எதையும் தட்டாமலே அது வெளிவந்து வன்தட்டைத் திறக்கிறது. வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்துகிறவரைத்தான் அது தடுக்கும். கணினியை அப்படியே எடுத்துச் சென்றவருக்கும் கோப்புகளுக்கும் நடுவில் நிற்பது புகுபதிகைத் திரை ஒன்றுதான். தானியங்கியாக்கினால் அதுவும் விலகிவிடும். மின்பொத்தானை அழுத்தத் தெரிந்தால் போதும். ஆப்பிள் இந்த இடத்தில் கண்டிப்பைக் காட்டியது. 2011 முதல் வன்தட்டு முழுவதையும் குறியாக்கும் ஃபைல்வால்ட் இயங்கினால், தானியங்கிப் புகுபதிகையை மேக் அனுமதிப்பதில்லை. வன்தட்டைத் திறப்பதே பயனரின் கடவுச்சொல் என்பதால், அதைக் கேட்காமல் தொடங்கவே முடியாது.

கூடத்தில் கிடக்கும் மேசைக் கணினி, பார்வை மங்கிய முதியவர் செய்தி படிப்பதற்காக வைத்திருக்கும் கணினி, கைநடுக்கத்தால் எழுத்துகளைத் தவறாகத் தட்டுபவரின் கணினி ஆகியவற்றுக்கு இந்த வசதி இன்றும் பெரும் உதவி. தமிழ் விசைப்பலகை செயலில் இருக்கும்போது ஆங்கிலக் கடவுச்சொல்லைத் தட்டிவிட்டு, 'தவறு' என்ற பதிலை மூன்று முறை வாங்கிக்கொண்டு கணினியையே அணைத்துவிட்ட பெரியவர்களை எனக்குத் தெரியும். அத்தகைய கணினிக்கு இணையக் கணக்கைச் சேர்க்காமல், நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு ஒன்றை ஏற்படுத்தி, அதை மட்டும் தானியங்கியாகத் திறக்கச் செய்யலாம். வங்கி வேலை செய்யும் கணக்கு வேறாக, கடவுச்சொல்லோடு இருக்கட்டும்.

அமைத்த பிறகும் கணினி சில வேளைகளில் கடவுச்சொல் கேட்கும். தானியங்கிப் புகுபதிகை என்பது அணைத்துத் தொடங்கும்போது மட்டும் நடப்பது. விண்டோஸ் விசையுடன் எல் விசையை அழுத்திப் பூட்டினாலும், மடிக்கணினியின் மூடியைச் சாத்தி உறக்கநிலையிலிருந்து எழுப்பினாலும் பழைய கேள்வி வரும். உறக்கநிலைக்கான அமைப்பு புகுபதிகைத் தெரிவுகள் பகுதியில் தனியாக உள்ளது. பழுது நீக்கக் கடைக்குக் கணினியைக் கொடுக்கும்போது நெட்பிளவிஸ் சாளரத்தில் தெரிவுக் குறியை மீண்டும் இட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும். திரும்பி வந்த பின் எடுத்துவிடலாம்.